எட்டு என்று நினைத்து ஆறு: முதல் ஹெச் வகை ராக்கெட்டில் நான் கற்றவை

தென் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் வசிக்கிறேன். மென்பொருள் துறையில் வேலை. சிறுவர்களுக்கான சின்னஞ்சிறு மாதிரி ராக்கெட்டுகளை இரண்டு ஆண்டுகளாக மகனோடு சேர்ந்து ஏவிப் பழகியிருந்தேன். அவனுக்குப் பன்னிரண்டு வயதானபோது, "அப்பா, பாலைவனத்தில் விடுகிறார்களே, அந்த மாதிரிப் பெரியது ஒன்று நாமும் செய்யலாமா?" என்று கேட்டான். அதிகத் திறன் கொண்ட ராக்கெட் கிட் ஒன்றை வாங்கி, நானே கட்டி, முதல் நிலைச் சான்றிதழுக்கான ஏவுதலையும் முடித்துவிடலாம் என்று அன்றே முடிவு செய்தேன். ஒரு மாதமும் 250 டாலரும் போதும் என்பது என் கணக்கு. உண்மையில் ஐந்து மாதங்கள் ஆயின. சங்க உறுப்பினர் கட்டணத்தைச் சேர்க்காமலே ஏறத்தாழ 610 டாலர் செலவாயிற்று. அதில் பாதிக்கு மேல் தவிர்த்திருக்கக்கூடிய செலவு. கார் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து, எவரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் செய்ததே அதற்குக் காரணம். இதே வேலையில் இறங்க நினைக்கும் தமிழ் வாசகர் ஒருவருக்காவது அந்தப் பணமும் வார இறுதிகளும் மிஞ்சட்டும் என்றுதான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் அடிப்படைச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். மாதிரி ராக்கெட் மோட்டார்களை ஏ, பி, சி என்று எழுத்துகளால் வகைப்படுத்துகிறார்கள். ஒவ்வொரு எழுத்திலும் மொத்த உந்துவிசையின் உச்ச அளவு முந்தைய எழுத்தைப்போல இரு மடங்கு. குழந்தைகள் பயன்படுத்தும் சி மோட்டார் 10 நியூட்டன் விநாடியோடு நின்றுவிடும். ஹெச் மோட்டார் 160-க்கு மேல் தொடங்கி 320 வரை போகும். ஹெச், ஐ ஆகிய இரண்டுக்கும் முதல் நிலைச் சான்றிதழ் வேண்டும். ஜே முதல் எல் வரை இரண்டாம் நிலை. எம் முதல் ஓ வரை மூன்றாம் நிலை. அமெரிக்காவில் இந்தச் சான்றிதழை 1957-இல் தொடங்கிய தேசிய ராக்கெட் சங்கமும், டிரைபோலி ராக்கெட் சங்கமும் வழங்குகின்றன. பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். ஏவும் எடை 1,500 கிராமைத் தாண்டினாலோ, உந்துபொருள் 125 கிராமைத் தாண்டினாலோ, கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் முன் அனுமதி பெற்ற வான்வெளியில்தான் ஏவ முடியும். அந்த அனுமதியை, ஏவுதல் நாட்களை நடத்தும் ராக்கெட் குழுக்களே வாங்கி வைத்திருப்பதால், தனி ஆளாக எங்காவது ஒரு வெட்டவெளியில் ஏவிவிடலாம் என்ற எண்ணத்துக்கே இடமில்லை. இந்த மோட்டார்களில் உள்ள அம்மோனியம் பெர்குளோரேட் கலவை வெடிபொருள் பட்டியலில் இருந்து 2009-இல் நீதிமன்றத் தீர்ப்பால் நீங்கியதால், அதை வாங்குவதற்கு வெடிபொருள் உரிமம் தேவைப்படுவதில்லை. ஆனாலும் சான்றிதழ் இல்லாதவருக்கு ஹெச் மோட்டாரைக் கடையில் விற்கமாட்டார்கள். அப்படியானால் சான்றிதழுக்கான ஏவுதலுக்கே மோட்டார் எங்கே கிடைக்கும் என்று இரண்டு வாரம் குழம்பினேன். விடை எளியது: ஏவும் நாளில் திடலுக்கே விற்பனையாளர் வருவார்; சான்றளிப்பவர் உடனிருக்க, அந்த முயற்சிக்கான மோட்டாரை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். அபாயப் பொருளை அஞ்சலில் வரவழைப்பதற்கான கூடுதல் கட்டணமும் அதனால் மிச்சமாகும்.

கிட்டை 115 டாலருக்கு வாங்கினேன். மூன்று அங்குல விட்டமுள்ள தடித்த அட்டைக் குழாய், பிளைவுட்டில் வெட்டிய மூன்று சிறகுகள், பிளாஸ்டிக் மூக்குக் கூம்பு, 29 மில்லிமீட்டர் மோட்டார் குழாய், அதைச் சுற்றிப் பொருத்தும் மர வளையங்கள் ஆகியவை பெட்டியில் இருந்தன. முதல் தவறு முதல் மாலையிலேயே நடந்தது. மோட்டார் பின்புறமாக நழுவி விழாமல் பிடித்துக்கொள்வதற்குத் திருகு மூடி உள்ள அலுமினிய ரீடெய்னர் ஒன்றைத் தனியாக 35 டாலருக்கு வாங்கியிருந்தேன். அது உட்காருவதற்கு மோட்டார் குழாயின் கடைசிப் பகுதி பின் வளையத்துக்கு வெளியே சிறிது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நானோ, பார்வைக்குச் சீராக இருக்கட்டும் என்று குழாயின் விளிம்பையும் வளையத்தையும் ஒரே மட்டத்தில் வைத்து எபாக்சியால் ஒட்டிவிட்டேன். மறுநாள் காலையில் ரீடெய்னரை எடுத்து வைத்தபோது அது பிடிப்பதற்கு இடமே இல்லை. முற்றிலும் இறுகிய எபாக்சியைப் பிரிக்க முடியாது. இரண்டு மணி நேரம் அரத்தால் ராவியும் வளையம்தான் பிளந்தது. புதிய மோட்டார் குழாயும் வளையங்களும் வரவழைக்க 24 டாலரும் ஒன்பது நாட்களும் ஆயின. ஆகவே, எந்தப் பாகத்தையும் ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் பசையின்றி ஒருமுறை முழுமையாகப் பொருத்திப் பாருங்கள். கிட்டில் வராமல் தனியாக வாங்கிய பாகங்களையும் அந்தப் பொருத்தலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ரீடெய்னரை ஒட்டுவதற்குச் சாதாரண எபாக்சி வேண்டாம். மோட்டாரின் வெப்பத்தில் அது இளகக்கூடும் என்பதால், உலோகத்துக்கென்றே விற்கும் வெப்பம் தாங்கும் ஜேபி வெல்ட் போன்ற பசைதான் ஏற்றது.

எபாக்சி பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெறுங்கையோடு வேலை செய்தேன். சிறகும் குழாயும் சேரும் மூலைகளில் பசையைத் தடவி விரலால் வழித்துச் சீராக்கும்போது கையெல்லாம் பட்டது. பத்து நாளில் விரலிடுக்குகள் சிவந்து தடித்து, இரவில் தூங்க முடியாத அளவுக்கு அரித்தன. எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால், பிறகு சிறிதளவு பட்டாலும் திரும்ப வரும். எனக்கு இன்றும் அப்படித்தான். நைட்ரைல் கையுறைப் பெட்டி ஒன்றின் விலை இந்த வேலையில் மிகச் சிறியது. அதை முதல் நாளே வாங்கிவிடுங்கள். உறைந்த பசையை உப்புத்தாளால் தேய்க்கும்போது முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

உறுதியாக இருக்கட்டும் என்று நான் தாராளமாகத் தடவிய பசை வேறொரு சிக்கலையும் கொண்டுவந்தது. தீபாவளி ராக்கெட்டின் குச்சியை ஒடித்துவிட்டுக் கொளுத்தினால் அது தறிகெட்டு ஓடுவதைச் சிறுவயதில் பார்த்திருப்போம். அங்கே குச்சி செய்யும் வேலையை இங்கே சிறகுகள் செய்கின்றன. ராக்கெட்டின் எடை மையம், காற்று அழுத்தும் மையத்துக்கு முன்னால், குறைந்தது குழாயின் ஒரு விட்ட அளவு தள்ளி இருக்க வேண்டும். ஓப்பன் ராக்கெட் என்ற இலவச மென்பொருளில் இதைக் கணக்கிடலாம். ஃபின்லாந்தில் ஒரு மாணவரின் முதுநிலை ஆய்வேடாகத் தொடங்கிய அந்த மென்பொருள், நாசா பொறியாளர் ஜேம்ஸ் பாரோமன் 1960-களில் வகுத்த சமன்பாடுகளை அடிப்படையாகக் கொண்டது. கிட் தயாரிப்பாளர் தந்த எடையையே அதில் உள்ளிட்டு, நிலைத்தன்மை, அதாவது அந்த இரு மையங்களின் இடைவெளி, ஒன்றரை விட்டம் என்று பார்த்து நிம்மதியாக இருந்தேன். வண்ணம் பூசி முடித்தபின் சமையலறைத் தராசில் வைத்தபோது, 900 கிராம் இருக்க வேண்டிய உடல் 1,250 கிராம் இருந்தது. கூடிய எடை முழுவதும் வால் பக்கம். போலி மோட்டாராக அதே எடையுள்ள ஒரு மரத்துண்டைச் செருகி, கயிற்றுச் சுருக்கில் ராக்கெட்டைத் தொங்கவிட்டு எடை மையத்தைக் கண்டபோது, நிலைத்தன்மை 0.7 விட்டமாகக் குறைந்திருந்தது. மூக்குக் கூம்புக்குள் 120 கிராம் ஈயக் குண்டுகளை எபாக்சியில் பதித்துச் சரிசெய்தேன். மோட்டாரோடு சேர்த்து ஏவும் எடை 1.6 கிலோவுக்குச் சற்றுக் கீழே வந்தது. ஆகவே, மென்பொருளில் உள்ளிட வேண்டியது, கட்டி முடித்தபின் உங்கள் தராசு காட்டும் எடையும் உங்கள் கயிறு காட்டும் எடை மையமுமே. இரண்டு மையங்களையும் குழாயின் மேல் குறியிட்டு வையுங்கள்; திடலில் பாதுகாப்பு அதிகாரி முதலில் தேடுவது அவற்றைத்தான்.

முதல் பயணம் ஏவாமலே முடிந்தது. நாங்கள் சென்ற இடம் மொஹாவி பாலைவனத்தில் லூசர்ன் பள்ளத்தாக்கை ஒட்டிய வறண்ட ஏரி. காலையில் பொறுமையாகக் கிளம்பி, பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே உட்கார்ந்துதான் பாராசூட்டை மடிக்கவே தொடங்கினேன். பாலைவனத்தில் காற்று மதியத்துக்கு மேல்தான் வலுக்கும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மணிக்கு 20 மைலுக்கு மேல் காற்று வீசினால் ஏவக்கூடாது என்பது பாதுகாப்பு விதி. நான் தயாராகி நின்றபோது ஏவுதலை நிறுத்தி அறிவித்துவிட்டார்கள். மகன் ஒன்றும் பேசவில்லை. காரில் ஏறியதும் தொப்பியை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு தூங்குவதுபோல் இருந்தான். பெட்ரோலும் திடல் கட்டணமுமாக 60 டாலர் போனதைவிட அந்த இரண்டரை மணி நேரத் திரும்பும் பயணம்தான் கடினமாக இருந்தது. ஏவ நினைப்பவர்கள் எல்லா ஆயத்தங்களையும் முந்தின இரவே வீட்டில் முடித்துவிட்டு, காலை ஒன்பது மணிக்குள் திடலில் இருப்பது நல்லது.

அடுத்த மாதம் நடந்ததுதான் முதன்மையானது. நான் தேர்ந்தெடுத்த மோட்டார் ஏரோடெக் நிறுவனத்தின் ஹெச்135டபிள்யூ-14ஏ. அந்தப் பெயரில் 135 என்பது சராசரி உந்துவிசை நியூட்டன் கணக்கில். என் ராக்கெட்டின் எடையைப்போல எட்டு மடங்குக்கு மேல், அதாவது பரிந்துரைக்கும் ஐந்து மடங்கைத் தாண்டியது. 14 என்பது தாமத நேரம். உந்துபொருள் எரிந்து தீர்ந்தபின் ராக்கெட் தன் வேகத்திலேயே மேலே மிதந்து போகும் நேரத்தில், மோட்டாருக்குள் மெதுவாக எரியும் ஒரு துண்டு 14 விநாடிக்குப் பிறகு சிறிதளவு கருமருந்தைப் பற்றவைக்கும். அந்த வெடிப்புதான் ராக்கெட்டைப் பிரித்துப் பாராசூட்டை வெளியே தள்ளும். உச்சியை அடையும் கணத்தில், வேகம் அநேகமாகப் பூஜ்யமாக இருக்கும்போது அது நடக்க வேண்டும். என் ராக்கெட்டுக்கு 8 விநாடி தேவை என்று மென்பொருள் காட்டியது. அதற்கெனத் தனியாக விற்கும் துளையிடும் கருவியால் தாமதத் துண்டைக் குடைந்து நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். 30 டாலர் கொடுத்து வாங்கிய அந்தக் கருவியை, திடலில், வெயிலில், பின்னால் மூன்று பேர் மேசைக்காகக் காத்திருக்க, அவசரமாகக் கையில் எடுத்தேன். எட்டு விநாடி என்பது மனத்தில் இருந்ததால் எட்டுக்கு வைத்துக் குடைந்தேன். அந்தக் கருவியில் உள்ள எண் எத்தனை விநாடி மிஞ்ச வேண்டும் என்பதைக் குறிக்கவில்லை. எத்தனை விநாடியை நீக்க வேண்டும் என்பதைக் குறித்தது. பதினான்கில் எட்டு போக, என் மோட்டாரில் மிஞ்சியது ஆறு விநாடி.

பாதுகாப்பு அதிகாரி சிறகுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அசைத்துப் பார்த்தார், குறியிட்ட மையங்களைப் பார்த்தார், தாமதம் எத்தனை என்று கேட்டார். எட்டு என்று நம்பிக்கையோடு சொன்னேன். அவரால் மோட்டாருக்குள் பார்க்க முடியாது அல்லவா? ஏவுதளத்தில் இருந்து நூறு அடிக்கு அப்பால் நின்றோம். எண்ணி முடித்ததும் வெள்ளைத் தீயோடு அது கிளம்பியது. வளையாமல் அசையாமல் மேலேறியபோது மகன் என் கையைப் பிடித்து அழுத்தினான். ஐந்து மாதங்களில் அதுவே முழு மகிழ்ச்சியான கணம். எரிந்து முடிந்தபின் ஆறாவது விநாடியில், ராக்கெட் இன்னும் வேகமாக மேலே போய்க்கொண்டிருக்கும்போதே, சிறு புகை தெரிந்தது. பாராசூட் ஓர் உதறலோடு விரிந்தது. உச்சிக்கு இரண்டு விநாடி முன்னால் என்றால் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர் அளவில் இருந்திருக்கும். அது மெதுவாகத்தான் இறங்கியது. அருகில் போகும்வரை வெற்றி என்றே நினைத்தேன். குனிந்து தூக்கியபோதுதான், கீழ்க் குழாயின் வாய் விளிம்பில் இருந்து இருபது சென்டிமீட்டர் நீளத்துக்கு, பையின் ஜிப்பைத் திறந்ததுபோல் அட்டை நேராகக் கிழிந்திருப்பது தெரிந்தது. சான்றளிப்பவர் அதை வாங்கிக் கட்டைவிரலால் விளிம்பைத் தடவி, கிழிசல் தொடங்கும் இடத்தில் விரலை நிறுத்தினார். பழுதுபார்க்காமல் மறுபடியும் ஏவ முடியாத நிலையில் இறங்கினால் சான்றிதழ் இல்லை என்பது விதி. அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். தரையில் காற்று இழுத்துச் சென்றதால் ஏற்படும் சேதத்தை மன்னிப்பார்கள். இது அந்த வகையில் சேராது.

அன்று இரவு எனக்கு வந்தது கோபத்தைவிட வெட்கம். கணக்கு, கழித்தல், அவ்வளவுதானே என்று திரும்பத் திரும்ப மனம் சொன்னது. இரண்டு வாரம் கொட்டகைக் கதவைத் திறக்கவில்லை. பிறகுதான், இத்தனை நாளும் செய்யாத ஒன்றைச் செய்தேன்: குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவரிடம் கிழிந்த ராக்கெட்டை எடுத்துச் சென்று காட்டினேன். அவர் பத்து நிமிடங்களில் என் தவறுகளை வரிசையாகச் சொன்னார். தாமத நேரம் தவறியது முதல் காரணம்தான். அது ஒன்றினால் மட்டும் இவ்வளவு நீளம் கிழிந்திருக்காது என்றார். பாராசூட்டையும் ராக்கெட்டின் இரு பாதிகளையும் இணைக்கும் கயிறு, ஒன்றரை மீட்டர் ராக்கெட்டுக்கு இரண்டு மீட்டர்தான் இருந்தது. அது நீண்டு முடிவதற்குள் வேகம் தணிய நேரம் கிடைக்காமல் முழு உதறலும் குழாயின் வாயில் விழுந்திருக்கிறது. மேலும் அது மெல்லிய கெவ்லார் கயிறு. வெப்பம் தாங்கும், ஆனால் இழுபடும்போது அட்டையைக் கத்திபோல் அறுக்கும். கெவ்லார் பகுதி குழாயின் விளிம்புக்கு உள்ளேயே முடிந்துவிட வேண்டும். விளிம்பைத் தாண்டும் பகுதி அகலமான நைலான் பட்டையாக இருக்க வேண்டும். மொத்த நீளம் ராக்கெட்டின் நீளத்தைப்போல மூன்று மடங்குக்குக் குறையக்கூடாது. பட்டையைச் சிறு மடிப்புகளாக மடித்து ஒவ்வொரு மடிப்பையும் காகித ஒட்டுநாடாவால் சுற்றிவைத்தால், நாடாக்கள் ஒவ்வொன்றாக அறுபடும்போது வேகமும் படிப்படியாகக் குறையும். குழாயின் பக்கத்தில் மூன்று மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை இருக்கிறதா என்றும் கேட்டார். இல்லை. உயரே போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும்போது உள்ளே அடைபட்ட காற்று ராக்கெட்டைத் தானாகவே பிரித்துவிடக்கூடும் என்பதால் அந்தத் துளை அவசியம்.

கிழிந்த பகுதியை வெட்டியெடுத்து, உள்ளே இணைப்புக் குழாய் ஒட்டி, புதிய அட்டைக் குழாய்த் துண்டைச் சேர்த்தேன், 32 டாலர். ஐந்து மீட்டர் நைலான் பட்டையும், வெடிப்பின் சூட்டில் இருந்து பாராசூட்டைக் காக்கும் நோமெக்ஸ் துணியும் 27 டாலர். எடை மாறியதால் மறுபடியும் தராசு, கயிறு, மென்பொருள் மூன்றையும் பார்த்தேன். தேவையான தாமதம் இம்முறையும் 8 விநாடி. "14-இல் 6 நீக்கு, 8 மிஞ்சும்" என்று ஓர் அட்டையில் பெரிதாக எழுதிக் கருவியோடு கட்டிவைத்தேன். பாராசூட்டின் மடிப்புகளில் முகப்பவுடர் தூவச் சொல்லியிருந்தார்கள்; பாலைவனக் குளிரில் நைலான் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அது உதவும்.

மூன்றாவது பயணத்தில் எட்டே முக்காலுக்குத் திடலில் இருந்தோம். இன்னொரு 48 டாலருக்கு அதே மோட்டாரை வாங்கினேன். குடைவதற்கு முன் அட்டையில் இருந்ததை மகன் உரக்கப் படித்தான். நான் கருவியில் வைத்ததை அவனிடம் காட்டினேன். அதன்பிறகும் ஒரு சோதனை இருந்தது. பொத்தானை அழுத்தியபோது தீமூட்டி மட்டும் புகைந்து அணைந்தது, ராக்கெட் அசையவில்லை. தீமூட்டியின் முனை மோட்டாருக்குள் உந்துபொருளின் உச்சிவரை போயிருக்க வேண்டும். ஏவுதளத்தில் நான் செருகியபோது பாதியிலேயே நின்றிருக்கிறது. மோட்டாரின் நீளத்தைத் தீமூட்டிக் கம்பியில் முன்பே அளந்து, ஒட்டுநாடாவால் குறியிட்டுக்கொண்டால் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஏவாமல் நின்றுபோன ராக்கெட்டின் அருகே, குறைந்தது ஒரு நிமிடம் கழித்து, அதிகாரி அனுமதித்த பிறகே போக வேண்டும். நான் போய், தீமூட்டியோடு இணையும் மின்கம்பிக் கவ்விகளை உப்புத்தாளால் தேய்த்து, புதிய தீமூட்டியைக் குறிவரை செருகிவிட்டு வந்தேன்.

இம்முறை அது ஏறி, வேகம் தணிந்து, மூக்கைச் சற்றே சாய்க்கும் வேளையில் புகை தெரிந்தது. பட்டை மடிப்பு மடிப்பாக அவிழ்ந்து நீண்டு, பாராசூட் சத்தமின்றி விரிந்தது. வெடித்துக் காய்ந்த ஏரி மண்ணில் அரைமைல் நடந்து போய், கயிற்றைச் சுருட்டி, நானும் மகனும் ஆளுக்கொரு பாதியாகத் தூக்கி வந்தோம். சான்றளிப்பவர் சென்ற முறை வந்தவரேதான். கீழ்க் குழாயை வாங்கி, அதே கட்டைவிரலால் விளிம்பை முழுவதும் ஒரு சுற்றுத் தடவினார். விரல் எங்கும் நிற்கவில்லை. படிவத்தைக் காரின் முன்மூடியின் மேல் வைத்துக் கையெழுத்திட்டார். அதற்குள் மகன், தூக்கி எறியாமல் வைத்திருந்த, கிழிந்த பழைய குழாய்த் துண்டைப் பின் இருக்கையில் இருந்து எடுத்து வந்து, அருகில் முதல் முறையாக வந்திருந்த வேறொரு சிறுவனுக்கும் அவன் தந்தைக்கும் கயிறு எங்கே அறுத்தது என்று காட்டிக்கொண்டிருந்தான்.